அருந்ததியைப் பார்த்தீர்களா?

(வைகாசி மாத இரவுக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல; வான சாஸ்திரப் பண்டிதனுமல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூன்று அங்குல அகலமுள்ள பழைய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கி, வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆறேழு வருஷமாக ஆகாயத்தைப் பார்த்து வருகிறவன். அதில் தெரிந்த சங்கதியைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுவதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

என் கலியாணம் ஒரு வைகாசி மாதம் காலை ஒன்பது மணிக்கு நடந்தது. புரோகிதர் எங்களைப் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து, வெய்யிலில் நிறுத்தி, கையை மேலே நீட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டார். நான் "தெரிகிறது" என்றேன். என் மனைவியும் "தெரிகிறது" என்றார். இரண்டும் பொய். ஆக, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம், சபை நடுவில் நின்று பொய் சொன்னதுதான்! பின்னால் நானே கணக்குப் பார்த்தேன். வைகாசிக் காலை ஒன்பது மணிக்கு அந்த நட்சத்திரம் நம் ஊருக்கு மேலே இல்லவே இல்லை; அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. சூரியனை அணைத்துவிட்டாலும் தெரியாது. நீட்டிய கைக்கு நேரே இருந்தது பக்கத்து வீட்டுத் தென்னமட்டைதான்.

சரி, அருந்ததி என்பது எது? இப்பொழுது வடக்கே திரும்பிப் பாருங்கள். சப்தரிஷி மண்டலம் என்கிற ஏழு நட்சத்திரங்களில், வால் நுனியிலிருந்து இரண்டாவதை வசிஷ்டர் என்கிறார்கள். மேனாட்டார் அதற்கு மிசார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டினாற்போல் மங்கலாகத் தெரிகிறதே, அதுதான் அருந்ததி. அவர்கள் ஆல்கோர் என்பார்கள். நல்ல கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். அந்தக் காலத்தில் அதைப் பிரித்துப் பார்த்தவர்களின் கண்பார்வையை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இப்பொழுது சிலர் புதிதாக ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். "இந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, இது நம் முன்னோர்க்கு அப்போதே தெரியும், ஆகவே இந்தச் சடங்கு விஞ்ஞானம்" என்கிறார்கள். தோழர்களே! கொஞ்சம் யோசியுங்கள். அவை சுற்றுவதானால், இடையிலுள்ள தூரத்துக்கு ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கான வருஷம் ஆகும். அதை எந்த முன்னோர் உட்கார்ந்து பார்த்திருக்க முடியும்?

நட்சத்திரங்கள் சுற்றுகின்றன என்பதைப் பார்த்துச் சொன்னவர் வில்லியம் ஹெர்ஷல். பிழைப்புக்குச் சங்கீதம் வாசித்தவர். கண்ணாடியைத் தாமே தேய்த்து, இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில், தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தவர். கூடவிருந்து குறிப்பெழுதியவர் அவருடைய தங்கை கரோலின். 1782ல் 269 இரட்டை நட்சத்திரங்களுக்கு ஜாபிதா வெளியிட்டார். அப்போது அவர் நினைத்தது என்ன? ஒன்று கிட்டத்திலும் ஒன்று எட்டத்திலும் இருக்கிறது, ஒரே நேராக இருப்பதால் இரட்டைபோல் தோன்றுகிறது என்பதே. இருபது வருஷத்துக்கு மேல் அளந்து பார்த்தார். பல ஜோடிகள் உண்மையாகவே ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டார். 1803ல், தாம் முதலில் நினைத்ததற்கு மாறானதைத் தாமே எழுதி வெளியிட்டார். இதுதான் பகுத்தறிவு. எந்த ரிஷி தன் வாக்கைத் திருத்தி எழுதியிருக்கிறார்?

நம் பக்கத்துச் சங்கதியும் ஒன்றுண்டு. தெற்கே தாழ்வாக மின்னுகிறதே, ஆல்பா சென்டாரி, அது இரட்டை என்று 1689ல் கண்டு சொன்னவர் ரிஷோ என்கிற பாதிரியார். பார்த்த இடம் நமது புதுச்சேரி. வால் நட்சத்திரத்தைப் பார்க்கப் போனவர், இதைக் கண்டார். அவர் பாதிரியாராயிற்றே என்று நான் மறைக்கமாட்டேன். ஆகாயம் யாருக்கும் ஒன்றுதான். கண்ணைத் திறந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது. அந்த ஜோடி ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 80 வருஷம். ஒரு மனிதனின் ஆயுள்.

போன சித்திரையில் என் மகளின் கலியாணத்தை இரவில் வைத்தேன். புரோகிதர் இல்லை. "அருந்ததி பார்க்காத கலியாணமா?" என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். "பகலில் பார்த்ததாகச் சொன்னவர்களெல்லாம் இன்றாவது பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கண்ணாடியை வாசலில் வைத்தேன். முதலில் பார்த்தவள் என் மகள். "அப்பா! வசிஷ்டரே இரண்டாகத் தெரிகிறாரே!" என்றாள். ஆம். 1617லேயே கலிலியோவின் சிநேகிதர் கஸ்டெல்லி கண்டது அது. 1889ல் அந்த இரண்டில் பெரிதும் இரண்டென்று ஒளியைப் பிரித்துப் பார்த்துக் கண்டார்கள். பிறகு சிறிதும் இரண்டாயிற்று. 2009ல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பது தெரிந்தது. ஆக ஆறு!

மகள் விடவில்லை. "இதில் யார் பின்னால் யார் போகிறார்கள்?" என்று கேட்டாள். யார் பின்னாலும் யாரும் போகவில்லை. பெரிய மிசாரின் இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரே எடை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பொது மையத்தை இரண்டுமே 20 நாளைக்கொரு தரம் சுற்றுகின்றன.

உடனே ஒரு தோழர், "பார்த்தீர்களா, நட்சத்திரமே ஆண் பெண் சமத்துவத்தைச் சொல்லுகிறது!" என்று கை தட்டினார். வேண்டாம் தோழரே! பதிவிரதைக்கு நட்சத்திரத்தைச் சாட்சி வைத்தது தப்பென்றால், சமத்துவத்துக்குச் சாட்சி வைப்பதும் தப்புத்தான். நட்சத்திரம் நெருப்புருண்டை; அதற்கு ஒழுக்கமும் இல்லை, உபதேசமும் இல்லை. என் மகளும் மருமகனும் சமமாக வாழ வேண்டியது, இருவரும் மனிதர்கள் என்பதற்காகவே. வேறு சாட்சி தேவையில்லை.

இனி பேச்சு போதும். வரிசையாக வாருங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும். காலங்காலமாய் இந்த அருந்ததியைக் காட்டி மிரட்டப்பட்டவர்கள் அவர்கள்தானே. தெரிந்தால் தெரிகிறதென்று சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். திருகாணியைத் திருப்பிச் சரிசெய்து தருகிறேன்.