நோயை மறித்த சட்டமும் கமக்காரனை மறித்த காவலும்

(பண்டத்தரிப்பில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கொள்ளைநோய்க் காலத்தில் அரசாங்கம் பிறப்பித்த கட்டளைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். “நோய் போய்விட்டது, இனி அந்தப் பேச்சு எதற்கு?” என்று வரும் வழியில் அன்பர் ஒருவர் கேட்டார். மழை கொட்டும்போது வாய்க்கால் வெட்ட முடியுமா, ஐயா, என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு என்னுடன் வந்துவிட்டார். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்.

இப்பேச்சைப் பண்டத்தரிப்பில் பேசுவதற்கு ஒரு தனிப் பொருத்தமும் உண்டு. 1817ஆம் ஆண்டில் வங்காளத்தில் எழுந்த வாந்திபேதி கரையோரமாகப் பரவி யாழ்ப்பாணத்தையும் பிடித்துக்கொண்ட காலத்திலேதான் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் இங்கு வந்து சேர்ந்தார். 1820இல் அவர் குடியேறி மருந்து கொடுக்கத் தொடங்கிய இடம் நமது பண்டத்தரிப்பே. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற முதல் மிஷன் வைத்தியர் அவர் என்று சரித்திரம் கூறுகிறது. பக்கத்துச் சில்லாலையோ நாட்டு வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். ஆகவே கொள்ளைநோய் என்பது இம்மண்ணுக்குப் புதிய விருந்தாளி அன்று.

அக்காலத்து அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். அதே 1820இல் அமெரிக்க மிஷனுக்கு உதவியாக அச்சுத்தொழில் தெரிந்த ஒருவர் வந்திறங்கினார். அவர் இலங்கையில் இருக்கலாகாது என்று பார்ன்ஸ் துரை கட்டளையிட்டு வெளியேற்றினார். வாந்திபேதிக்கு அஞ்சியதைவிட அச்செழுத்துக்கு அதிகம் அஞ்சிய ஆட்சி அது! இதை வேடிக்கைக்காகச் சொன்னேன். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் மூண்டது. மறு ஆண்டே பிரித்தானியர் இந்தியாவுக்கென ஒரு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றினர். அதே 1897இல் இலங்கைக்கும் ஒரு சட்டம் பிறந்தது: 3ஆம் இலக்கத் தொற்றுத்தடைகாப்பு மற்றும் நோய்த்தடைக் கட்டளைச்சட்டம். பிரஜைகளின் வாக்கினால் வந்த சட்டமன்று அது. துறைமுகத்தைக் காப்பாற்றவும் வர்த்தகம் கெடாமல் பார்க்கவும் தேசாதிபதி வகுத்தது. அந்த நாளில் பூனாவிலே பிளேக் ஒழிப்பு என்ற பெயரில் இராணுவத்தினர் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பெண்கள் இருந்த அறைகளும் தப்பவில்லை. அதன் விளைவாக எழுந்த ஆத்திரத்தில், 1897 ஜூன் 22ஆம் நாள், பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். இங்கேயோ, மலையகத் தோட்டங்களுக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமிலே நாட்கணக்காக மறித்து வைக்கப்பட்டனர். நோயைத் தடுக்கும் சட்டம் எப்போதும் ஏழையின் வாசலிலேயே முதலில் வந்து நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தையே, நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2020இல் நமது அரசாங்கம் கையிலெடுத்தது.

நடந்தவற்றை ஒழுங்காக நினைவுகூருவோம். 2020 ஜனவரி 27ஆம் நாள் இலங்கையில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார்; அவர் சீனாவிலிருந்து வந்த ஒரு பயணி. மார்ச் 15ஆம் நாள் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பினார். திரும்பிய பின் அவருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. மார்ச் 20ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. ஓரிரு நாளில் தாவடியில் யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டு, அக்கிராமம் மூடப்பட்டது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகிய மாவட்டங்களுடன் யாழ்ப்பாணமும் ஆபத்து மிகுந்த பகுதியாகக் குறிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் நாம் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை.

நான் நியாயம் தவறிப் பேச விரும்பவில்லை. அந்த முதல் அலையிலே அடைத்துவைத்தது பலனளித்தது. 2020 ஒக்டோபர் தொடக்கம் வரையில் நாடு முழுவதும் மாண்டோர் 13 பேர் மாத்திரமே. பின்னர் கட்டு தளர்ந்த காலத்திலேதான் அந்தத் தொகை 16,000ஐத் தாண்டிச் சென்றது. வீடுவீடாக நடந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும், ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் நின்ற தாதியர்க்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வியன்று. எந்தச் சட்டத்தின் பேரில், யாருடைய கையினால், யாரைக் கேட்டு என்பதே கேள்வி.

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1947ஆம் ஆண்டு 25ஆம் இலக்கமுடையது. அதன் 16ஆம் பிரிவின்படி ஜனாதிபதி ஊரடங்குக் கட்டளை பிறப்பிக்கலாம். அவ்வாறு ஒரு கட்டளை 2020 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியானதா? இல்லை. ஊடக அறிக்கையாக வந்தது, வானொலியில் வந்தது. சட்டத்தரணிகள் பலர் இதை அன்றே எடுத்துக்காட்டினர். எனினும் ஊரடங்கை மீறினார்கள் என்று 60,000 பேருக்கு மேல் கைதாயினர். நாடு முழுவதும் இத்தனை பேரைக் கைது செய்த கட்டளை எந்தத் தாளில் அச்சாகியிருக்கிறது என்று கேட்டால், காட்டுவதற்குத் தாள் இல்லை! பாராளுமன்றமோ மார்ச் 2ஆம் நாளே கலைக்கப்பட்டிருந்தது. தேர்தல் ஏப்ரில் 25இலிருந்து ஜூன் 20க்கும், அங்கிருந்து ஓகஸ்ட் 5க்கும் தள்ளிப்போயிற்று. பழைய பாராளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கூட்டவில்லை. உயர் நீதிமன்றமும் ஜூன் 2ஆம் நாள் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளிவிட்டது. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது. ஆகையால் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் குறையைச் சொல்லத் தெரிந்தெடுத்த சபை ஒன்றுகூட மேலே இருக்கவில்லை. நோய்த்தடுப்பின் தேசிய செயற்பாட்டு நிலையத்துக்குத் தலைவராக இருந்தவரோ இராணுவத் தளபதி.

ஊரடங்கு என்ற சொல் தென்னிலங்கையாருக்கு ஒரு செய்தி. நமக்கு அது ஒரு நினைவு. சந்தியிலே சீருடையுடன் ஒருவர் நின்று “எங்கே போகிறாய்?” என்று கேட்டால், இந்த மண்ணிலே நாற்பது வயதைத் தாண்டியவன் உடனே நோயையா நினைப்பான்?

கமக்காரர்களே, உங்கள் பாட்டைச் சொல்லுகிறேன். விவசாய வேலைக்கு ஊரடங்கில் விலக்குண்டு என்று அரசாங்கம் மார்ச் இறுதியிலேயே அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் தோட்டத்துக்குப் போகலாம் என்றவர்கள் சந்தைக்குப் போகும் வழியைச் சொல்லவில்லை. தண்ணீர் இறைக்கலாம், மண்ணெண்ணெய் வாங்கும் இடம் மூடியிருந்தது. கோவாவை வெட்டலாம், ஏற்றுவதற்கு லொறி வரவில்லை. மாசி பங்குனி நமக்கு எப்படிப்பட்ட காலம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெங்காயம் கிண்டி, பீற்றூட் பிடுங்கி, புகையிலை வெட்டும் காலம் அது. எனக்கு நன்கு தெரிந்த ஒரு கமக்காரர், இந்தப் பகுதியினர்தான், இரண்டு உரப்பை கத்தரிக்காயை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிய நாலரைக்குப் புறப்பட்டார். கிராம சேவையாளர் எழுதிக் கொடுத்த கடிதம் சட்டைப்பையில் இருந்தது. மறித்தவர் அக்கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தமிழில் இருந்தது. மறித்தவருக்குத் தமிழ் தெரியாது. மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற பின் கத்தரிக்காயும் அவரும் வீடு திரும்பினர். அன்றைக்கு அவர் வீட்டு மாடு நன்றாகச் சாப்பிட்டது என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டங்களும் அவற்றின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டும் என்று இந்நாட்டு அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை சொல்லுகிறது. தாளில் அது நன்றாகவே இருக்கிறது. சந்தியில் நிற்பவருக்கு அது எப்போது போய்ச் சேரும்?

இது நமக்கு மாத்திரம் நேர்ந்த துன்பம் என்று நான் கூறவில்லை. கடலுக்கு அப்பால், 2020 ஜூன் 19ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்திலே, குறித்த நேரத்துக்கு மேல் கைத்தொலைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜ் என்பவரையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பொலிஸார் கொண்டு சென்றனர். 22ஆம் நாள் மகன் மாண்டார். 23ஆம் நாள் தந்தை மாண்டார். இருவருக்கும் கொரோனா வரவில்லை. ஒரு கடைக் கதவு சில நிமிஷம் அதிகமாகத் திறந்திருந்ததற்குத் தண்டனை இரண்டு உயிர்கள். சுகாதார விதியைப் பொலிஸ் தடியிடம் ஒப்படைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

சந்தைகளின் கதையும் ஒன்றுபோலவே இருக்கிறது. சென்னையிலே கோயம்பேட்டுச் சந்தையில் நெருக்கத்தைக் குறைக்க முன்கூட்டியே வழிசெய்யாமல் விட்டுவிட்டு, நோய் ஊரெங்கும் பரவிய பின் 2020 மே மாதத்தில் அதை இழுத்து மூடினார்கள். நமது மருதனார்மடம் சந்தையில் அதே ஆண்டு டிசெம்பரில் நோய் கண்டது, சந்தை மூடப்பட்டது, உடுவில் பகுதி முடக்கப்பட்டது. வலிகாமத்தின் மரக்கறி முழுவதையும் ஒரே கூரையின் கீழ் குவித்து வைத்திருக்கும் ஏற்பாட்டில், ஒருவர் இருமினால் ஆயிரம் குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும். மைதானங்களில் சிறு சந்தைகளாகப் பிரித்து நடத்தியபோது வியாபாரமும் நடந்தது, இடைவெளியும் கிடைத்தது. அதை முதல் நாளே திட்டமிட்டுச் செய்திருக்க முடியாதா?

2020 ஒக்டோபர் 15ஆம் நாள் வந்த ஒழுங்குவிதிகளை நான் குறைகூற மாட்டேன். முகக்கவசம் அணிய வேண்டும், ஒரு மீற்றர் இடைவெளி வேண்டும், மீறினால் பதினாயிரம் ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல் என்று அவை வர்த்தமானியிலே தெளிவாக வெளிவந்தன. தண்டம் கூலிக்காரனுக்குக் கனம்தான். ஆனாலும் அது எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருப்பதை எதிர்த்து வழக்காடலாம். வானொலிக் குரலை எதிர்த்து எந்த நீதவானிடம் போவது?

எழுத்தில் இருந்துவிட்டால் மாத்திரம் நீதியாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2020 ஏப்ரில் 11ஆம் நாள் வெளியான விதி, கொரோனாவால் இறந்தவரின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்றது. அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பிலே எரிக்கப்பட்டது. அதன்பின் பொரளை மயான வேலியிலே மக்கள் வெள்ளைத் துணி கட்டினர். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அவ்விதி மாறியது. மாறியபோது, அடக்கம் செய்யும் இடம் இரணைதீவு என்றார்கள்! கால் நூற்றாண்டு அகதியாய் அலைந்து 2018இல் தம் மண்ணுக்குத் திரும்பிய தமிழ் மீனவர்களின் தீவு அது. எரிக்காதே என்று கேட்ட முஸ்லிம்களையும், புதைக்காதே என்று கேட்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களையும் ஒருவருக்கொருவர் எதிரே நிறுத்தும் ஏற்பாடு என்பதை இரணைதீவு மக்கள் கண்டுகொண்டனர், எதிர்த்தனர். இறுதியில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் இடம் தரப்பட்டது. கட்டாய எரியூட்டலுக்கு மன்னிப்புக் கேட்பதென அமைச்சரவை முடிவு செய்தது 2024 ஜூலையில். சில்லாலையிலிருந்து வந்திருக்கும் கத்தோலிக்கச் சகோதரர்களே, அந்த விதி உங்கள் சேமக்காலைக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது என்பதை அப்போது நம்மில் எத்தனை பேர் உரக்கச் சொன்னோம்?

ஒரு வர்த்தமானியால் எதையும் செய்யலாம் என்று பழகிய கை சும்மா இருக்குமா? அதே நோய்க் காலத்தில், 2021 மே 6ஆம் நாள், இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. சுகாதாரம் என்றுதான் அதற்கும் காரணம் சொன்னார்கள். டொலர் தட்டுப்பாடு பின்னாலே ஒளிந்திருந்தது. கமக்காரனைக் கேட்கவில்லை, விவசாயப் பேராசிரியர்கள் சொன்னதையும் கேட்கவில்லை. ஏழு மாதத்துக்குள், நவம்பரில், தடையை விலக்கினார்கள். போன போகத்தின் விளைச்சலை எந்த வர்த்தமானி திருப்பித் தரும்?

இனி நாம் கேட்க வேண்டியவை சில. 1897ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும். நடமாட்டத்தைத் தடுக்கும் எந்தக் கட்டளையும் இரு மொழியிலும் ஒரே நாளில் வெளியாகி, குறித்த நாட்களுக்குள் பாராளுமன்றத்தின் முன் வரவேண்டும். பாராளுமன்றம் கலைந்திருந்தால் அதைக் கூட்டியே ஆகவேண்டும். 2021இல் 17ஆம் இலக்கச் சட்டம் என ஒன்றை நிறைவேற்றினார்கள். தவணை தப்பிய வழக்குகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் அது நிவாரணம் தந்தது. உத்தியோகத்தருக்கும் வியாபாரிக்கும் நல்லதுதான். தோட்டத்தில் அழுகிய கோவாவுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. மறித்து வைத்த நாட்களுக்கு நட்டஈடு என்ற சொல் சட்டத்திலே ஏறவேண்டும். அனுமதிச் சீட்டை வழங்கும் அதிகாரம் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் பிரதேச செயலரிடமும் இருக்கவேண்டும். அதை மறுக்கும் அதிகாரம் சந்தியில் நிற்பவரிடம் இருக்கக்கூடாது. நோய்த்தடுப்பின் தலைமை வைத்தியரிடம் இருக்கட்டும்; இராணுவம் உதவி கேட்டால் வரட்டும்.

இவற்றை மனுவாக எழுதிப் பிரதேச சபைக்கும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவதென்று தலைவர் அவர்கள் சொல்லியிருக்கிறார். வெறும் மனுவாகப் போனால் அதைக் கோவையில் வைத்துக் கட்டிவிடுவார்கள். ஆகையால் ஓர் உதவி கேட்கிறேன். அந்த நாட்களில் தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு, நீதிமன்ற அழைப்பாணை, கிராம சேவையாளர் தந்த கடிதம், விற்காமல் போன விளைச்சலின் கணக்கு எழுதிய கொப்பி, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். இங்கே இருக்கும் சட்டத்தரணி அன்பர்கள் இருவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல் இதே இடத்தில் அமர்ந்து பிரதி எடுத்துக்கொள்வார்கள். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.