கூரைத் தகடு வெட்டும் முறை
(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மாட்டுக் கொட்டகைக்கும் மோட்டார் அறைக்கும் ஓலை வேய்ந்த இடங்களில் இன்று தகரக் கூரை வந்துவிட்டது. தகடு வாங்கும்போது கனம், விலை, நிறம் எல்லாவற்றையும் நாலு கடையில் விசாரிக்கிறோம். அதை எதைக் கொண்டு வெட்டுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கூரையின் ஆயுள் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

என் உறவினர் ஒருவர் கொட்டகைக்கு வண்ணத் தகடு வாங்கினார். வேலைக்கு வந்தவர்கள் எல்லாத் தகடுகளையும் களத்தில் அடுக்கி, அவற்றின் மேலேயே வைத்துக் கிரைண்டரால் அறுத்தார்கள். வேலை அரை நாளில் முடிந்தது. முதல் மழை கழிந்ததும் தகடு முழுவதும் மிளகாய்ப் பொடி தூவியது போலச் செம்புள்ளிகள் தோன்றின. தகடு மட்டம் என்று அவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். தவறு தகட்டில் இல்லை. வெட்டிய முறையில் இருந்தது.

காரணம் என்ன?

தகட்டின் உள்ளே இருப்பது இரும்பு. அதன் மேல் துத்தநாகப் பூச்சு அல்லது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இருக்கிறது. வண்ணத் தகட்டில் அதற்கும் மேலே வர்ணம். துத்தநாகம் சுமார் 420 டிகிரி சென்டிகிரேடில் உருகும். 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். கிரைண்டரின் அறுப்பு வட்டு உரசும்போது வெட்டுமுனை கடுமையாகச் சூடேறுவதால் அங்குள்ள பூச்சு கருகிவிடுகிறது. பறக்கும் பொறிகள் பழுக்கக் காய்ந்த இரும்புத் துகள்கள். அவை வர்ணத்தில் பதிந்து, பனி பட்டதும் துருப்பிடிக்கின்றன.

கத்தரியால் வெட்டினால் சூடு இல்லை. வெட்டுவாயின் இருபுறமும் உள்ள துத்தநாகம் தான் அரிபட்டு, நடுவிலுள்ள மெல்லிய இரும்பைக் காப்பாற்றும்.

வெட்டுவதைக் குறையுங்கள்

வண்ணத் தகடுகளைக் கேட்ட நீளத்துக்கே செய்து தருகிறார்கள். ஆகவே அளவைச் சரியாகக் கொடுத்தால் பாதி வேலை மிச்சம். உதாரணமாக, 24 அடி அகலக் கொட்டகைக்கு இருபுறச் சரிவு, சுவரைவிட முகடு 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 12 அடி. சரிவின் நீளம் 13 அடி வரும். இறவாரம் நீட்ட ஒன்றரை அடி சேர்த்தால் பதினாலரை அடி. சட்டங்கள் ஏறிய பிறகு, கூரையின் மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே அளவு கொடுங்கள்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

1. தகரக் கத்தரி: நாலைந்து தகடு வெட்டவும், குழாய்க்கு வழி விடவும் இது போதும். கைப்பிடி மஞ்சளாக இருப்பது நேராக வெட்ட. சிவப்பு இடப்புறம் வளைத்து வெட்ட. பச்சை வலப்புறம் வளைத்து வெட்ட. ஒவ்வொரு வெட்டிலும் வாயை முழுவதும் மூடாதீர்கள். முக்கால் பாகம் மூடி, முன்னே தள்ளி வெட்டினால் விளிம்பில் பிசிறு வராது.

2. நிப்ளர்: துளை போடும் மின் இயந்திரத்தில் பொருத்தக்கூடியது. தகட்டைச் சிறிது சிறிதாகக் கடித்துச் செல்லும். நெளிவுகளுக்குக் குறுக்கே வெட்ட ஏற்றது. நிறையத் தகடு இருந்தால் வாடகைக்காவது எடுங்கள்.

3. இரும்பறுக்கும் கை ரம்பம்: வேறு வழி இல்லாதபோது உதவும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள அலகைப் பூட்டி, தகட்டை இரு பலகைகளுக்கு நடுவே இறுக்கி, ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்து அறுக்க வேண்டும்.

கிரைண்டரைக் கூரைத் தகட்டுக்குத் தவிர்ப்பதே நல்லது. கட்டாயம் ஏற்பட்டால் மற்றத் தகடுகளுக்கு எட்டத்தில் வைத்து அறுத்து, கருகிய விளிம்பில் துத்தநாக வர்ணம் பூசுங்கள். வைக்கோல் போர், கீற்றுக் கூரை பக்கத்தில் இருந்தால் கிரைண்டரைத் தொடவே கூடாது. ஒரு பொறி போதும், ஒரு வருடத் தீவனம் போய்விடும்.

வெட்டும்போது

கோடு போட ஆணியால் கீற வேண்டாம், பூச்சு போய்விடும். பென்சிலும் வேண்டாம், அதிலுள்ள காரீயகம் ஈரத்தில் பூச்சை அரிக்கும். மை பேனாவால் குறியுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். மின் கருவியின் ஒயர் தகட்டு விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலையில் வெட்டி வந்த விளிம்பை இறவாரப் பக்கமும், நீங்கள் வெட்டிய விளிம்பை முகட்டுத் தகட்டின் அடியிலும் வையுங்கள். மழைநீர் சொட்டும் விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றுவதானால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வெட்டிய பிறகு

கூரை மேல் கிடக்கும் துகள்களை அன்று மாலைக்குள் மென்மையான துடைப்பத்தால் பெருக்குங்கள். தரையில் விழுந்ததை அதைவிடக் கவனமாகப் பொறுக்குங்கள். மாடு தீவனத்தை உதட்டால் பிரித்துப் பார்த்துத் தின்பதில்லை, அப்படியே விழுங்கும். கூரான தகரத் துண்டோ கம்பியோ உள்ளே போனால், தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடும். அதற்கு முன்னே, உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம் இருக்கிறது. கூர்முனை குத்திக்கொண்டு இதய உறை வரை போனால், கறக்கிற மாடு தீவனம் எடுக்காமல் மெலிந்து செத்துப்போகும். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்தால், கண்ணில் படாத துண்டும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகவே, நாளைக்கு வேலையாள் கிரைண்டரோடு வந்து நின்றால், "கத்தரியோ நிப்ளரோ கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். வேலை கூட ஒரு நாள் ஆகலாம். கூரை பல வருடம் நிற்கும். கொட்டகையில் மாடும் நலமாக நிற்கும்.