மெல்லோட்டத்தின் பயன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டபொழுது, அவர் எதிர்பார்த்தது இலக்கியப் பொருளையேயாம். யாம் நெடுந்தொலை ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோம் என்றோம். சொல்லதிகாரம் கற்பிப்பார்க்கும் ஓட்டத்திற்கும் என்ன இயைபு என்று அவர் நகைத்தார். இயைபு உண்டு. இருபதாண்டுகளாகப் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லிவரும் யாம், கற்பவர் இடறும் இடம் எது என்பதை ஒருவாறு அறிவோம். நிகண்டு மனனம் செய்யாமலும் நன்னூலைத் தொடாமலும் முதல் நாளே தொல்காப்பிய உரையைப் புரட்டுகின்ற மாணாக்கன் மூன்றாம் நாள் வகுப்புக்கு வருவதில்லை. ஓடப் பழகுவோர் இடறும் இடமும் அதுவேயாகும்.

நம்மவருட் பலர் கடையிலும் அலுவலகத்திலும் நாள் முழுதும் அமர்ந்து தொழில் புரிபவர். நாற்பது வயது கடந்ததும் நீரிழிவோ இரத்த அழுத்தமோ தலைகாட்டுகின்றது. வைத்தியர் உடற்பயிற்சி செய்க என்கின்றார். உடனே விலையுயர்ந்த பாதரட்சை வாங்கிக்கொண்டு வைகறையில் ஓடத் தொடங்குகின்றனர். முதல் வாரத்திலேயே வாய்விட்டு மூச்சிரைக்க ஓடுகின்றனர். மூன்றாம் வாரத்தில் முழந்தாளைப் பிடித்துக்கொண்டு அமர்கின்றனர். ஆறாம் வாரத்தில் பாதரட்சை பரண் ஏறிவிடுகின்றது. ‘ஓட்டம் நம் உடம்புக்கு ஒவ்வாது’ என்று அவர் முடிவு கட்டுகின்றார். உண்மையில் அவர்க்கு ஒவ்வாதது அவர் மேற்கொண்ட வேகம். மெல்ல ஓடுவோன் நெடுந்தூரம் ஓடுவான் என்பது யாவரும் அறிந்ததே. மெல்ல ஓடிப் பழகினவனே பின்னர் விரைந்தும் ஓடவல்லவன் ஆவான் என்பதே யாம் இன்று எடுத்துக்கூற விழைவது. கேட்போர்க்கு இது முரண்போலத் தோன்றும். ஆதலின், இதனை உலகறியச் செய்த ஒருவரது வரலாற்றை முதற்கண் கூறுவோம்.

நியூஸிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில் 1917 ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர்தர் லிடியார்டு என்பார். பாதரட்சைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்லூரியில் உடற்கூற்று நூல் பயின்றவரல்லர். இளமையில் பந்தாட்டக்காரராய் இருந்தமையின் தம் உடல் வலிமை பற்றி அவர்க்கு ஐயமே இல்லை. ஒருநாள் வயதில் மூத்த நண்பர் ஒருவர் இவரைத் தம்முடன் ஐந்து மைல் ஓட அழைத்துச் சென்றார். அவ்வளவிலேயே லிடியார்டு சோர்ந்துபோனார். மூத்தவரோ இயல்பாக ஓடி முடித்தார். இருபத்தேழு வயதிலேயே இந்நிலையெனின் நாற்பத்தேழில் எந்நிலையோ என்னும் அச்சமே அவரை ஆராய்ச்சியில் தூண்டியது.

அக்காலத்து ஓட்டப் பயிற்சியாளர் பலர் நானூறு மீட்டர் போன்ற குறுந்தூரத்தை விரைந்து பலமுறை ஓடி, இடையிடையே இளைப்பாறும் முறையையே பெரிதும் போற்றினர். லிடியார்டு வேறு வழி சென்றார். தம் உடம்பையே சோதனைச் சாலையாக்கி, மிகக் குறைவாகவும் மிகப் பெரிதாகவும் ஓடிப் பார்த்தார். சில வாரங்களில் இருநூறு மைலுக்கு மேலும் ஓடியதுண்டு. முடிவில், போட்டியாளர்க்கு வாரம் நூறு மைல் தகும் என்றும், அதனை மூச்சுத் திணறாத வேகத்தில் ஓடவேண்டும் என்றும் கண்டார். 1953 ஆம் ஆண்டிலும் 1955 ஆம் ஆண்டிலும் அந்நாட்டு மராத்தான் ஓட்டத்தில் வாகை சூடினார்.

அண்டை அயலில் இருந்த இளைஞர் சிலர் அவரிடம் வந்து சேர்ந்தனர். அவர்களுள் மர்ரே ஹால்பர்க் என்பார் பந்தாட்டத்தில் நேர்ந்த விபத்தால் இடக்கை முடங்கியவர். பீட்டர் ஸ்நெல் என்பார் எண்ணூறு மீட்டர் ஓடுபவர். அஃதாவது இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் ஓட்டம். அவரையும் லிடியார்டு விட்டாரில்லை. ஆக்லாந்துக்கு மேற்கே வைடாக்கரே மலைச்சாரலில் இருபத்திரண்டு மைல் சுற்று ஒன்று உண்டு. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அச்சுற்றை எல்லாரும் ஓடவேண்டும் என்பது நியதி. இரண்டு நிமிட ஓட்டக்காரனுக்கு இருபத்திரண்டு மைல் எதற்கு என்று கண்டோர் நகைத்தனர்.

1960 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 ஆம் நாள் ரோமாபுரி ஒலிம்பிக்கில் அந்நகைப்பு அடங்கிற்று. உலகில் பலரும் பெயரறியாத இருபத்தொரு வயது ஸ்நெல், உலகச் சாதனையாளராகிய பெல்ஜிய நாட்டு ரோஜர் மோயன்ஸைக் கடைசி அடிகளில் முந்தி எண்ணூறு மீட்டரில் தங்கப் பதக்கம் பெற்றார். அன்றே, ஒரு மணி நேரத்திற்குள், அதே அரங்கில் ஹால்பர்க் ஐயாயிரம் மீட்டரில் வென்றார். சில நாட் கழித்து மராத்தானில் பாரி மகீ என்னும் மற்றொரு மாணவர் வெண்கலம் பெற்றார். (அம்மராத்தானில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். விலை மிக்க பாதரட்சையே வேகம் தரும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.) மூவரும் ஒரே நகரத்தினர், ஓர் ஆசானின் மாணாக்கர். மேலும், 1962 ஆம் ஆண்டு சனவரியில் ஸ்நெல் புல்தரையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலகச் சாதனை நிறுவினார். அதற்குச் சில வாரம் முன்னர் முழு மராத்தான் ஒன்றையும் அவர் ஓடி முடித்திருந்தார்.

இஃது எங்ஙனம் இயலும்? மெல்ல ஓடும்பொழுது தசைக்கு வேண்டும் உயிர்வளியை இரத்தம் தடையின்றிக் கொண்டு சேர்க்கின்றது. ஆதலின் நெடுநேரம் ஓடலாம். அவ்வாறு பல வாரம் ஓடிவர, இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் மிக்க இரத்தத்தை வெளிப்படுத்தும் ஆற்றல் பெறுகின்றது. தசைகளினூடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களுள் உணவை ஆற்றலாக மாற்றும் இழைமணி என்னும் நுண்ணுறுப்புக்களும் மிகுகின்றன. கொழுப்பை எரித்துச் சர்க்கரையைச் சேமிக்கும் திறனும் வளர்கின்றது. இத்துணையும் நிகழ்ந்த உடம்பில் பின்னர் வேகப் பயிற்சி அளிப்பின் அது பலிக்கும். இவை நிகழாத உடம்பில் அளிப்பின் களைப்பும் காயமுமே மிஞ்சும். பிற்காலத்தில் ஸ்நெல் தாமே அமெரிக்காவில் உடலியங்கியல் கற்று ஆராய்ச்சியாளராய் விளங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. நார்வே நாட்டில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்னும் ஆராய்ச்சியாளர், உலகின் சிறந்த நெடுந்தொலை வீரர் தம் பயிற்சிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதை மெல்லிய வேகத்திலேயே செய்கின்றனர் என்று எடுத்துக் காட்டியுள்ளார்.

வீரர் கதை நமக்கு எதற்கு என்பீராயின், நமக்குரிய பகுதி இனித்தான் வருகின்றது. 1962 ஆம் ஆண்டில் லிடியார்டும் நண்பர்களும் ஆக்லாந்தில் மெல்லோட்டக் கழகம் ஒன்று தொடங்கினர். அதிற் சேர்ந்தோர் வீரரல்லர். தொந்தி சரிந்த வணிகரும், இருதய நோய்க்கு ஆளானவரும், ஓய்வு பெற்றோரும் ஆவர். ‘உடன் ஓடுபவரோடு உரையாட முடியும் வேகத்தில் ஓடுக’ என்பதே அவர்க்கு இடப்பட்ட விதி. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் என்பார் அங்கே விருந்தினராய் வந்தார். வயது ஐம்பத்தொன்று, புகழ் பெற்ற ஆசான். ஒரு ஞாயிறு அக்கழகத்தாருடன் ஓடப்புகுந்து வெகு சீக்கிரத்தில் பின்தங்கினார். எழுபதைக் கடந்தவரும், மாரடைப்பினின்று பிழைத்தவருமான ஒரு முதியவர், அவர்மீது இரங்கி உடன் ஓடிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாராம். விடையளிக்கப் பவர்மனுக்கு மூச்சில்லை. சில வாரம் அங்கே தங்கி ஓடிப் பழகித் தம் ஊர் திரும்பிய அவர், ஊராரைக் கூட்டி மெல்லோட்டம் பயிற்றினார். 1967 ஆம் ஆண்டில் இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து நூலும் எழுதினார். அமெரிக்காவில் பொதுமக்கள் தெருவில் ஓடும் வழக்கம் பரவியதற்கு இது பெருங்காரணமாயிற்று.

இனி நாம் செய்யற்பாலன சில. மைல் கணக்கை விட்டு நிமிடக் கணக்கை மேற்கொள்க. புதியவர் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடம், சிறிது ஓடியும் சிறிது நடந்தும் தொடங்குவாராக. முழுவாக்கியம் பேச இயலுகின்றதா என்று ஓடும்போதே சோதித்துக் கொள்க. வாக்கியம் இடையில் அறுமாயின் வேகம் மிகுதி. தனித்து ஓடுபவர் மனனமான செய்யுள் ஒன்றை ஓதிப் பார்க்கலாம். தளை தட்டாமல் வருமாயின் வேகம் சரி. இச்சோதனையை எம்முடன் ஓடும் மாணாக்கர்க்கு விதித்துள்ளோம். அதனாற் சிலர் செய்யுள் மனனம் செய்தனர் என்பது எமக்கு உபரி இலாபம்.

இங்கே ஒரு தடை உண்டு. இக்காலத்துக் கைக்கடிகாரமும் கைப்பேசியும் ஒருவன் ஓடிய வேகத்தை அவன் நண்பர் அனைவர்க்கும் உடனே அறிவித்துவிடுகின்றன. அண்டை வீட்டான் ஆறு நிமிடத்தில் கிலோமீட்டர் கடந்தான் என்று கண்டவுடன், எட்டு நிமிடத்தில் ஓடவேண்டியவன் தானும் ஆறில் ஓடுகின்றான். பிறர் காணற்பொருட்டு ஓடும் ஓட்டம் பெரும்பாலும் எலும்பு வைத்தியர் வாயிலிற் சென்று முடிகின்றது. கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருதல் நன்று.

மற்றொன்று மிக இன்றியமையாதது. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேறப் பல திங்கள் ஆகும். இரண்டாம் திங்களில் மூச்சு எளிதாக வருகின்றதே என்று தூரத்தைத் திடீரென இருமடங்காக்குவோர், கணைக்கால் எலும்பு நோவும் குதிகால் நோவும் பெறுவது இதனாலேயே. சிறிது சிறிதாகக் கூட்டுக. மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைத்தல் தக்க முறை. வாரத்தில் ஒருநாள் ஓட்டம் மற்றவற்றினும் நீண்டிருத்தல் வேண்டும். நான்கைந்து திங்கள் இவ்வாறு சென்றபின், மேடேறி ஓடும் பயிற்சியை வாரம் ஒருமுறை சேர்க்கலாம். தொடைக்கும் கணுக்காலுக்கும் அது வலிமை தரும். அதன்பின்னரே விரைவோட்டம்; அதுவும் வாரம் ஒன்றேயன்றி இரண்டு வேண்டா. இவ்வரிசை லிடியார்டு வகுத்தது. மாற்றியமைக்கத்தக்க காரணம் எதனையும் யாம் கண்டிலோம்.

நம் நாட்டு வெயிலில் அதே வேகத்திற்கு இருதயம் மிகுதியாகத் துடிக்கும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்லவேண்டியிருத்தலின் என்க. ஆதலின் சித்திரை வைகாசியில் வேகம் குறைவதுபற்றி வருந்தற்க. கதிர் எழுமுன் ஓடி முடிக்க. தாகத்திற்கு நீர் பருகுக. தாகமின்றியும் குடங்குடமாகப் பருகுதல் கேடு. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபொழுது, நூற்றுக்குப் பதின்மூவர்க்கு உப்பின் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறிப் பருகியமையே அதற்குப் பெருங்காரணமென ஆராய்ந்தோர் கண்டனர்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் ஓடும்போது இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். பையில் சிறிது சர்க்கரை வைத்திருக்க. நாற்பது கடந்தோரும் நோயுற்றோரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. மார்பு நோவோ தலைச்சுற்றலோ தோன்றின் அக்கணமே நிறுத்துக. ‘இன்னும் ஒரு சுற்று’ என்னும் பிடிவாதத்திற்கு அங்கே இடமில்லை.

தாய்மார்க்கும் ஒரு வார்த்தை. 1928 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்டிர் எண்ணூறு மீட்டர் ஓடினர். அவர் சோர்ந்து வீழ்ந்தனர் எனப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, 1960 வரை அவ்வோட்டமே அவர்க்கு மறுக்கப்பட்டது. பெண்டிர் மராத்தான் 1984 ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. இன்று இச்சபையில் இருக்கும் மகளிரை ஓடவொட்டாது தடுப்பது உடம்பன்று. ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டவேண்டிய கடமையே. வாரத்தில் நான்கு நாள் அவ்வடுப்பை ஆடவர் ஏற்றுக்கொள்வாராயின், அரைமணி நேரம் எளிதிற் கிட்டும். இதற்குக் கரகோஷம் செய்தோர் மகளிர் பக்கத்திலேயே மிகுதி என்பதைக் காண்கின்றோம்.

எம்முடன் ஓட விரும்புவோர் சனி, ஞாயிறு வைகறை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரையில் வந்து சேரலாம். புதியவருடன் பின்வரிசையில் யாமே ஓடிவருவோம். ஐயமுடையார் இப்பொழுதே வினவலாம்.