ரெண்டு வங்கி ஒண்ணாகும்போது: எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்னா என்ன?

இந்த எபிசோடை சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். விசைத்தறிச் சேலைக்குப் பேர் போன ஊர். இங்க ஒரு சேலை வியாபாரத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. குடோன் நோட்டுல ஒரு சேலைக்கு ஒரு பேர். பில்லிங் சாஃப்ட்வேர்ல அதுக்கு வேற நம்பர். வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிறவருக்கு போட்டோதான் அடையாளம். மூணு இடத்துலயும் வேலை ஒழுங்காத்தான் நடக்குது. ஆனா, "இந்தச் சேலை இப்ப எத்தனை இருக்கு?"ன்னு முதலாளி கேட்டா உடனே பதில் வராது.

பெரிய நிறுவனத்துல இதே சிக்கல் பல மடங்கு. எந்த வேலை எந்தத் தகவலை நம்பி நடக்குது, அந்தத் தகவல் எந்த சாஃப்ட்வேர்ல இருக்கு, ஒண்ணை மாத்தினா எதெல்லாம் அடிபடும்? இதையெல்லாம் வரைஞ்சு வெச்சு, அதைப் பார்த்து முடிவெடுக்கிறதுதான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்.

நமக்குத் தெரிஞ்ச உதாரணம், சென்னையில தலைமையகம் இருக்கிற இந்தியன் வங்கி. 10 பொதுத்துறை வங்கிகளை 4 ஆக இணைக்கப் போறதா 2019 ஆகஸ்ட் 30 அன்னிக்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவிச்சாங்க. அலகாபாத் வங்கி, இந்தியன் வங்கியோட சேரணும். இந்த ஜோடிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு, ரெண்டும் ஒரே கோர் பேங்கிங் சாஃப்ட்வேர்ல ஓடினது.

அப்போ உடனே ஒட்டிக்கிச்சா? இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி ஒரே வங்கி. கோர் பேங்கிங் ஒண்ணானது 2021 பிப்ரவரியில. பத்து மாசத்துக்கு மேல! அலகாபாத் வங்கியோட பழைய காசோலைகள் 2021 அக்டோபர் 1 முதல் செல்லாதுன்னு அதுக்கப்புறம்தான் ஆச்சு.

ஏன்னா ஒரே சாஃப்ட்வேரா இருந்தாலும், ஒவ்வொரு வங்கியும் அதைத் தன் வழக்கத்துக்கு ஏத்த மாதிரி வளைச்சு வெச்சிருக்கும். ரெண்டுலயும் கணக்கு இருக்கிறவருக்கு வாடிக்கையாளர் எண் ஒண்ணா, ரெண்டா? ஐஎஃப்எஸ்சி கோடு மாறினா அவரோட சம்பளம், மானியம், கடன் தவணை எல்லாம் சரியா வந்து சேருமா? அதைத்தான் முதல்ல தீர்க்கணும்.

இந்த வேலையில மூணு சவால். முதலாவது, நல்லா செஞ்சா எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. அதனால, "இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"ன்னு கேள்வி வரும். ரெண்டாவது, யாரோட விதி நிக்கணும்ங்கிறது டெக்னாலஜி சண்டை இல்லை, அதிகாரச் சண்டை. ஆர்க்கிடெக்ட் கையில பெரும்பாலும் அந்த அதிகாரம் இருக்காது. மேலிடம் பின்னால நிக்கணும். மூணாவது, வரைபடத்தை அழகாக்கிட்டே ஒரு வருஷத்தை ஓட்டினா, அதுக்குள்ள நிறுவனம் மாறிடும்.

அதனால சின்னதா தொடங்குங்க. நீங்க வேலை பார்க்கிற இடத்துல 'வாடிக்கையாளர்'னா யாருன்னு மூணு டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க. மூணு பதில் வந்தா, புது ஆப் வாங்குறதுக்கு முன்னாடி அந்த மூணு பேரையும் ஒரே மேசையில உட்கார வைங்க.