தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு



ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, மேலே ஓரிடத்தில் நின்று கீழே நோக்குபவர்க்கு ஜோலார்பேட்டையின் தண்டவாளங்களும், அவற்றுக்கு அப்பால் பாலாற்றின் போக்கை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர் எனத் தொடரும் சமவெளியும் புலப்படும். அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தோல் பதனிடும் தொழிலைப் பற்றி இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்று திரும்பினால் மூக்கே சொல்லிவிடும். ஆனால் அந்தத் தொழிலின் மூலப்பொருளுக்குள் மறைந்திருந்த ஓர் இரகசியம் நமது சென்னையிலேதான் முதன்முதலில் வாசிக்கப்பட்டது என்பதும், அதை வாசித்தவர் உயிரியல் படித்தவர் அல்லர், பௌதிக சாஸ்திரம் பயின்றவர் என்பதும் இங்கே பலர் அறியாத செய்திகள்.

என் தந்தையார் ஒரு டேனரியில் கணக்கு எழுதி வந்தார். பள்ளி விடுமுறை நாளொன்றில் அவருக்குச் சாப்பாடு கொண்டு சென்ற எனக்கு, அங்கிருந்த மேஸ்திரி ஒருவர் ஒரு வேடிக்கை காட்டினார். குரோம் ஏற்றி, நீலம் பாரித்து, டிரம்மிலிருந்து அப்போதுதான் எடுக்கப்பட்ட தோலில் உள்ளங்கை அகலத் துண்டொன்றை அவர் வெட்டி, ஒரு காகிதத்தின்மேல் வைத்து, அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். பிறகு அதைக் கொதிக்கும் நீரில் போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் கழித்து எடுத்து, அதே கோட்டின்மேல் மறுபடியும் பரப்பினார். ஓரம் கோட்டை விட்டு இம்மியும் விலகவில்லை. அடுத்து, இன்னும் பதனிடாத பச்சைத் தோல் துண்டொன்றை அதே நீரில் போட்டார். அது கண்ணெதிரே சுருண்டு, சுருங்கி, முன்னிருந்த அளவில் பாதிகூட இல்லாத ஒரு ரப்பர் முடிச்சாகிவிட்டது. "பாத்தியா தம்பி, இது தோலு; அது லெதரு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் மேஸ்திரி. ஏன் சுருங்குகிறது என்று கேட்டேன். "அது தோலோட குணம்" என்றார். அந்தக் குணத்தின் காரணத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

தோலுக்கு உருவமும் உறுதியும் தருவது கொலாஜன் என்னும் புரதம். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே. எலும்பிலும், தசைநாணிலும், குருத்தெலும்பிலும் இருப்பதும் இதுவே. அதன் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'பசையைப் பிறப்பிப்பது' என்பது பொருள். தச்சர் உருக்கிப் பூசுகிற வச்சிரம் அந்தப் பசைதான். விடியற்காலையில் ஆம்பூர்க் கடைகளில் கொதிக்கும் பாயாவை வாங்கி வந்து ஆற விட்டால், கிண்ணத்தில் அது பாகுபோல் உறைந்து அசைகிறதல்லவா, அதுவும் வெந்து அவிழ்ந்த கொலாஜனே. இவ்வளவு சர்வசாதாரணமான ஒரு பொருளின் உள் அமைப்பு, 1950-களின் தொடக்கம்வரை, லைனஸ் பாலிங் போன்ற மாமேதைகள் முயன்றும் சரியாகப் பிடிபடாமலே இருந்தது.

1952-இல் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பௌதிகத் துறைக்குத் தலைவராக வரும்படி சர் சி.வி. ராமனை அழைத்தார். தாம் வர இயலாதென்று கூறிய ராமன், தம் மாணாக்கராகிய ஜி.என். ராமச்சந்திரனைச் சுட்டிக் காட்டினார். எர்ணாகுளத்தில் 1922-ஆம் ஆண்டு பிறந்து, பெங்களூரிலும் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ச்சி செய்து திரும்பியிருந்த ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. எந்தப் பிரச்சினையை எடுத்துக்கொள்வது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த ஜே.டி. பெர்னல் என்னும் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருப்பதை எடுத்துரைத்தார். 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சர்வகலாசாலையின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. தோலைப் பற்றிய கேள்விக்குத் தோல் நிலையத்தின் அயலகத்திலேயே விடை தேடும் பாக்கியம் எல்லா ஆராய்ச்சியாளருக்கும் வாய்ப்பதில்லை.

கங்காருவின் வால் தசைநாணில் கொலாஜன் இழைகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்பதால், அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பெற்ற படங்கள் தெளிவாக அமைந்தன. அந்தப் படங்களையும், கொலாஜனில் மூன்றிலொரு பங்கு கிளைசீன் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே என்ற ரசாயன உண்மையையும் சேர்த்து வைத்து ஆராய்ந்த ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும், மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் சேர்ந்ததே கொலாஜன் என்று 1954-இல் 'நேச்சர்' பத்திரிகையில் அறிவித்தார்கள். மறு வருஷமே, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாக அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

கயிறு திரிப்பவர்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனிலும் அப்படியே: தனிச் சங்கிலி இடப்புறமாகச் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்த கயிறு வலப்புறமாகச் சுழல்கிறது. மூன்று புரிகளும் நெருங்கி உரசும் நடுமையத்தில் இடம் மிகக் குறைவு. அங்கே பொருந்தக்கூடியது கிளைசீன் ஒன்றே. ஆகையால்தான் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் தவறாமல் கிளைசீன் வருகிறது. அந்த இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்துவிட்டால், பிறந்த குழந்தையின் எலும்புகூடச் சிறு அடிக்கு நொறுங்கும் நோய் உண்டாகலாம்.

இந்த அமைப்புக்கு ஆட்சேபம் எழாமல் இல்லை. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கத்தகாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்று 1955-இல் எழுதினார்கள். முப்புரி என்ற அடிப்படை நிலைத்தது. புரிகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளின் கணக்கில் அவர்கள் சொன்ன திருத்தம் பெரும்பாலும் ஏற்கப்பட்டது. ராமச்சந்திரனின் பெருமை முப்புரியைக் கண்டதில் இருப்பதைக் காட்டிலும், இந்த ஆட்சேபத்தை அவர் எடுத்துக்கொண்ட விதத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மனத்தாங்கலோடு ஒதுங்கிவிடாமல், "எவ்வளவு நெருங்கினால் அதிக நெருக்கம்?" என்ற கேள்வியையே அவர் ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கிக்கொண்டார். ஏற்கெனவே அமைப்பு அறியப்பட்ட சிறு பொருள்களில் அணுக்கள் எத்துணை அருகே வருகின்றன என்று தேடித் தொகுத்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்பதைக் கணக்கிட்டு, ஒரு சதுரப் படமாக வரைந்தார். அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அதை வெளியிட்ட ஆண்டு 1963. படத்தின் பெரும்பகுதி இயலாத பிரதேசம். சில தீவுகள் மட்டுமே இயலும் இடங்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர் பெற்ற அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே, உலகின் எந்த மூலையில் கண்டறியப்பட்ட புரத அமைப்பும் இன்று நம்பிக்கைக்குரியதாகிறது.

மேஸ்திரியின் வெந்நீருக்கு இப்போது திரும்புவோம். ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரிச் சூட்டில், பச்சைத் தோலின் முப்புரிகள் அவிழ்ந்து, நீண்டு நின்ற சங்கிலிகள் தாறுமாறாகச் சுருண்டுகொள்கின்றன. துண்டு சுருங்குவது அதனால்தான். குரோமிய உப்போ புரிகளின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் அமிலக் கிளைகளைப் பற்றி, ஒன்றோடொன்றைப் பிணைத்துவிடுகிறது. கொதிநீரும் அந்தக் கட்டை அவிழ்க்க முடிவதில்லை. நம் முன்னோர் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊற வைத்துச் செய்த பதனும் வேறு வழியில் இதே காவலைத்தான், இதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டுக்கு, அளித்து வந்தது.

பிணைப்பில் சேராமல் மிஞ்சிய குரோமியமும், தோலோடு வந்த உப்பும் கழிவுநீராகப் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்த வேதனையை இந்தப் பக்கத்தார் நேரில் அனுபவித்தவர்கள். 1996-இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கடுமையாகத் தீர்ப்பளிக்கும்படி ஆயிற்று. போட்ட குரோமியம் முழுவதையும் தோலையே ஏற்கச் செய்வது எப்படி என்ற ஆராய்ச்சி அடையாற்றிலுள்ள அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்துவருகிறது. அது வெற்றி பெற வேண்டும் என்று பாலாற்று நீரைக் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில் மனமார விழைகிறேன்.

ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தோல் வணிகர்கள் கூட்டங்களுக்காக வந்து அமரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்', அதாவது முப்புரிச் சுருள், என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.