சோதனைச்சாலையிலிருந்து சட்ட வகுப்பறைக்கு



பெங்களூரில் நாம் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்று மற்றொரு பெயரும் உண்டு. சமயப் பணிக்காக ஜெர்மனியிலிருந்து வந்த பெர்டினாண்ட் கிட்டெல், 1894-ஆம் ஆண்டில் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்டார். அவர் வந்த வேலை ஒன்று. நிலைத்த வேலை மற்றொன்று.

அண்மையில் இந்த எண்ணம் நமக்கு மீண்டும் எழுந்தது. நம் அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண்மணி இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பதினைந்து ஆண்டுகள் மருந்து ஆராய்ச்சியில் உழைத்தவர். அவ்வேலையை விட்டுச் சட்டம் பயின்று, அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தைக் கற்பிக்கப் போவதாக அவர் அறிவித்தார். அவருடைய தாயார் கலங்கிப்போய், "இத்தனை வருஷப் படிப்பும் வீண்தானே, தம்பி?" என்று நம்மைக் கேட்டார்.

கலைப் பட்டதாரியாகிய நாம் உடனே விடை கூறவில்லை. ஆயினும், ஒரு வழக்கு நம் நினைவுக்கு வந்தது.

நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை அடியொற்றி 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை உண்டு, மருந்துக்கே உரிமை இல்லை என்றது அச்சட்டம். 2005-இல் மருந்துக்கும் உரிமை வந்தது. ஆனால், பழைய பொருளின் புது வடிவம் கூடுதல் பயன் தராவிடில் உரிமை இல்லை என்ற வேலியும் உடன் வந்தது. இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் உரிமை கோரியது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் அதை மறுத்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் மறுத்தது. அப்போது அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய் ஆயிற்று. உள்நாட்டு மருந்துக்கோ ஏறக்குறைய 10,000 ரூபாய்தான் ஆயிற்று. படிகம் மாறியதால் நோய் தீர்க்கும் ஆற்றல் மிகுந்ததா என்பதே வினா. வினாவை எழுப்பியது சட்டம். அதை ஆராய இரசாயனம் தேவைப்பட்டது. இரண்டையும் அறிந்த ஆசிரியர் இல்லையேல், அந்த வேலியைக் காப்போர் எங்கிருந்து வருவர்?

வழியும் இல்லாமலில்லை. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2006 முதல் விஞ்ஞான, பொறியியல் பட்டதாரிகள் பயிலும் இத்துறைச் சட்டப் பள்ளி நடைபெறுகிறது. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியிலும் 2022 முதல் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பு உண்டு. அதன்பின் முதுநிலைப் பட்டமும் கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வும் பொதுவாக வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் வருமானம் குன்றும். இளையோரோடு ஒரே பெஞ்சில் அமர வேண்டும். இவற்றையும் அத்தாயாரிடம் மறைக்காமல் கூறினோம்.

பின்னர், "அம்மா, இவ்வூருக்கு வந்து நாம் கன்னடம் கற்றோமே, அதனால் தமிழ் நம்மைவிட்டுப் போயிற்றா?" என்று கேட்டோம். அவர் புன்னகை புரிந்தார், ஆனால், "பணக் கஷ்டத்துக்கு அது பதில் இல்லையே!" என்றார். உண்மைதான். அந்தக் கணக்கைத் தாயும் மகளுமாக இரவெல்லாம் போட்டுப் பார்த்தனர். மறுநாள் காலை, சட்டப் படிப்புக்கான விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கப் போனவர் அந்தத் தாயாரே.