குத்தகை கைநழுவினால் வழக்கறிஞரிடம் இழப்பீடு கோரலாமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)

 

நமது சரவணம்பட்டியில் சத்தி சாலையின் இருமருங்கிலும் கணினி நிறுவனங்கள் பெருகிய பின்னர், கடைகளுக்குக் கிராக்கி கூடிவிட்டது. முன்பணம் கொடுத்து, கடன் வாங்கிக் கடை அமைத்த ஒருவர், தம் ஒப்பந்தம் செல்லாது என்று பின்னர் அறிய நேரிட்டால் அவர் குடும்பத்தின் நிலை என்ன?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். பதிவு இல்லாவிடில், ஐந்தாண்டு என்று எழுதியிருந்தாலும் மாதாந்திர வாடகைதாரர் என்ற நிலையே மிஞ்சும். பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேற்றலாம். இவ்வாறான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. புதுப்பித்தலிலும் இதே கண்டிப்புதான். கால்டெக்ஸ் நிறுவனம் குத்தகை முடிய இரண்டு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், தாமதித்துக் கேட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்திற்கும் 1968இல் உச்ச நீதிமன்றம் இரங்கவில்லை.

இத்தகைய தவறு நம்பி அமர்த்திய வழக்கறிஞரால் நேர்ந்தால் எங்கே செல்வது? நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்லலாம் என்றே பலர் எண்ணுகின்றனர். தேசிய ஆணையம் 2007இல் அப்படித்தான் கூறியது. ஆனால் 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதனை மாற்றிவிட்டது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் இயங்குவதால் அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம் என்பது அதன் காரணம். மருத்துவரை அந்த ஆணையத்திற்கு அழைக்கலாம், வழக்கறிஞரை அழைக்க இயலாது என்பது சாமானியருக்கு விளங்காத வேறுபாடுதான். எனினும் இன்றைய சட்டம் அதுவே.

ஆயினும் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு திறந்தே உள்ளது. வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால், கவனக்குறைவுக்காக வழக்குத் தொடரப்படுவதிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை என்று 1926ஆம் ஆண்டின் கட்டணச் சட்டமே கூறுகிறது. ஆனால் நியாயமான கருத்துப் பிழை கவனக்குறைவாகாது. அவர் செய்யத் தவறியதாலேயே குத்தகை போனது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். "வாய்ச்சொல்லாகச் சொன்னேன்" என்பது அங்கே நிற்காது. இதற்கான காலவரம்பு பொதுவாக மூன்றாண்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலிலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் புகார் அளிக்கலாம். அது கண்டிக்கும், தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கும், பெயரையே நீக்கவும் செய்யும். போன கடைக்குப் பணம் தராது.

பெரும்பாலான வழக்கறிஞர்கள் பொறுப்புடன் பணிபுரிபவர்களே. எனினும் குத்தகைப் பத்திரம் வைத்திருக்கும் சகோதரர்கள் அதில் பதிவு எண் இருக்கிறதா, புதுப்பிக்கக் கேட்க வேண்டிய கடைசி நாள் எது என்று இன்றிரவே பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்கு அளித்த கட்டணத்திற்கு ரசீதும், அவரிடம் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலில் அவரது கையொப்பமும் பெற்று வையுங்கள்.